அவாவின் நாயும் என்னுடைய பூனையும்

நான் கலியாணமாகிப் போன வீட்டில் எனக்கு முன்னமே ஒரு நாய் இருந்தது. என் கணவரின் முதல் மனைவி குட்டியிலிருந்து வளர்த்த பெட்டை நாய். அந்தப் பெண் காய்ச்சலில் கிடந்து இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அயலில் யாரும் அவளுடைய பெயரைச் சொல்வதில்லை. 'அவா' என்றுதான் சொல்வார்கள். அவா வைத்த முருங்கை, அவா வாங்கின சருவப் பானை, அவாவின் நாய். எனக்கும் அதுவே பழகிவிட்டது. நாய்க்கு அவா ஒரு பெயர் வைத்திருந்தா. அந்தப் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இத்தனை வருடம் கழித்து எழுதவும் மனம் வரவில்லை.

எனக்கு ஊர் பளை. அப்பா பாரிசவாதத்தில் படுத்துவிட்டதால் என் கலியாணம் தள்ளித் தள்ளிப் போய், இருபத்தெட்டு வயதில் இரண்டாந்தாரமாக அமைந்தது. ஐம்பதுகளின் கடைசிப் பகுதி அது. மாப்பிள்ளைக்குக் கிளிநொச்சிக்குத் தெற்கே குடியேற்றத் திட்டத்தில் வயலும் ஒரு மேட்டுக்காணியும் இருந்தன. அவரும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்தான். "பிள்ளை குட்டி இல்லை, மாமி மச்சாள் தொல்லை இல்லை, நீ ராசாத்தி மாதிரி இருக்கலாம்" என்று பெரியம்மா சொல்லி அனுப்பினா. நாய் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் போய் இறங்கிய அன்று அது படலைக்கு வந்து என் காலை மோந்து பார்த்தது. குரைக்கவில்லை. வாலும் ஆட்டவில்லை. பிறகு திரும்பி நடந்து போய்க் குசினி வாசற்படியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. நான் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே போவதென்றால் அதைக் கடந்துதான் போக வேண்டும். அது அசையவில்லை. சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நாயைத் தாண்டி நான் என் குசினிக்குள் முதல் தடவை நுழைந்தேன்.

செம்பட்டை நிறம். ஒரு காது நுனியில் பிய்ந்திருந்தது. வடிவான நாய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது பார்க்கும் பார்வையில் வீட்டுக்கு உரிமைக்காரி யார் என்பது தெரியும். நான் சோறு பிசைந்து வைத்தால் கிட்ட வந்து மோந்துவிட்டு விலகிப் போய்விடும். அவர் வயலால் வந்து, அதே சட்டியைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளி, "என்னடி பிள்ளை, தின்னாமல் கிடக்கிறாய்?" என்று கேட்ட பிறகுதான் தின்னும். சமைத்தது நான், பிசைந்து வைத்தது நான். பெயர் அவருடைய காலுக்கு.

அவர் கதை குறைந்த மனிதர். கெட்டவரில்லை. அடித்ததில்லை, குடிப்பதில்லை, என் அப்பாவுக்கு மருந்து எண்ணெய் வேண்டுமென்றால் தானே போய் வாங்கி வருவார். என்னோடு பேசுவதென்றால் "தேத்தண்ணி இருக்கோ", "அந்த மண்வெட்டியை எடுத்துத் தாரும்". அவ்வளவுதான். ஆனால் பொழுது சாயும் நேரம் வாய்க்காலில் கால் கழுவிவிட்டு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தாரென்றால், நாய் வந்து அவர் காலடியில் படுக்கும். அப்போது பார்க்க வேண்டும்.

"இண்டைக்கும் மேல் வாய்க்காலில தண்ணி விடேல்லையடி. நாளைக்கு விதானையாரைப் போய்ப் பாக்கவேணும். உவன் வடக்கு வரம்புக்காரன் இருக்கிறானெல்லே, அவன்ர மாடு திரும்பவும் இறங்கிப்போட்டுது."

வீட்டுக் காரியம், வயல் காரியம் எல்லாவற்றையும் நான் குசினிக்குள் அடுப்பை ஊதிக்கொண்டே நாய்க்குச் சொல்லப்பட்டதிலிருந்துதான் அறிந்துகொண்டேன். விதைப்பு எப்போது, நெல்லு எங்கே குத்தப் போகிறார், தனக்கு முதுகு நோகிறதா என்பதுகூட. புகை கண்ணில் பட்டு எரியும். புகையால்தான் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். அந்தக் குரலில் ஒரு நாளாவது அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. இந்தக் குரல் அவாவிடம் பேசிய குரலாகத்தான் இருக்க வேண்டும், அவா போகும்போது அதை நாயிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறா என்று நான் முடிவு கட்டிவிட்டேன். செத்துப்போன ஒருத்தியோடு போட்டி போட முடியாது. நாயோடு போட்டி போடலாம்.

எனக்கென்றும் அந்த வீட்டில் ஒரு சீவன் வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். அப்பாவைப் பார்க்கப் பளைக்குப் போயிருந்தபோது, எங்கள் வீட்டுப் பூனை போட்டிருந்த குட்டிகளில் ஒன்றைக் கேட்டேன். சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி போட்ட பெட்டைக் குட்டி. அம்மா ஒரு மூடுபெட்டியில் பழந்துணி போட்டு, குட்டியை உள்ளே வைத்துக் கயிற்றால் கட்டித் தந்தா. ரயிலில் ஏறியதிலிருந்து அது கத்தத் தொடங்கிவிட்டது. ஆனையிறவுக் கடல் வந்தபோது காற்றில் உப்பு மணத்தது. பெட்டிக்குள் இன்னும் கூடக் கத்தியது. எதிரே இருந்த ஒரு மனுசி, "பூனையைக் கொண்டு போகேக்கை வழி காட்டக்கூடாது பிள்ளை. பெட்டியை மூடியபடி வைச்சிருங்கோ. வழி தெரிஞ்சால் திரும்பிப் போயிடும்" என்றா. நான் மூடியைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சிவரை வந்தேன். என்னையும் இப்படித்தான் வழி தெரியாமல் கொண்டுவந்தார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்தக் குட்டி மீது எனக்கு அளவில்லாத பாசம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்கும்போது, நாய் பாய்ந்து அந்தக் குட்டியைக் கடிக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். பயந்தேன் என்று மட்டும் சொன்னால் பொய். ஒரு பக்கத்தில் பயம், மறுபக்கத்தில் ஆசை. கடித்தால் நாய் குற்றவாளியாகும். அவர் நாயை அதட்ட வேண்டி வரும். என் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேச வேண்டி வரும்.

நாய் எழுந்து வந்தது. குட்டி முதுகைக் கூனி, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு சீறியது. நாய் அதன் தலைக்கு மேல் மூக்கை வைத்து நெடுநேரம் மோந்தது. பிறகு, என்னைத் தாண்ட வைக்கிற அதே வாசற்படியில் சரிந்து படுத்தது. குட்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. மெல்ல மெல்ல நடந்து போய் நாயின் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்தது. பால் இல்லாத வயிறு. என்றாலும் முன்னங்கால் இரண்டாலும் மாறி மாறி மிதித்துத் தேடியது. நாய் கழுத்தைத் திருப்பி அதன் முதுகை நக்கத் தொடங்கியது.

ரயிலில் முழுத் தூரமும் மடியில் வைத்துக்கொண்டு வந்தது நான்.

அன்றிலிருந்து அது அவாவின் நாயின் பூனையாகிவிட்டது. மீன் தலை தின்ன என்னிடம் வரும். காலைச் சுற்றும், உரசும், நன்றாகவே நடிக்கும். தின்று முடிந்ததும் வாயை நக்கிக்கொண்டு நேரே நாயிடம் போய்விடும். நாய் வயல் வரம்பில் அவருக்குப் பின்னால் போனால், பூனை நாய்க்குப் பின்னால் போகும். மத்தியானத்தில் முருங்கை நிழலில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். குரங்குகள் கூரைக்கு வந்தால் பூனை ஓடிப்போய் நாயின் கால்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அங்கிருந்து சீறும். ஒருநாள் பூனையின் கழுத்தில் நூல் கட்டி அறைக்குள் வைத்துக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் நாய் முனகியது. இந்தப் பக்கம் பூனை கத்தியது. தூக்கி மடியில் வைக்கப் போனேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கீறிவிட்டது. கதவைத் திறந்துவிட்டேன்.

அந்தக் காலபோக நெல் அறுவடை முடிந்த சமயம். அவர் விறாந்தையில் இருந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பூனை நாயின் வாலைப் பிடித்து விளையாடியது. நாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பூனையின் தலை முழுவதையும் வாய்க்குள் எடுத்து, கடிக்காமல், சும்மா வைத்துக்கொண்டு நின்றது. பூனையின் நாலு காலும் வெளியே உதறின. அவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வருடத்தில் அவர் சிரிக்கும் சத்தத்தை நான் முதல் தடவை கேட்டேன். குசினிக்குள்ளிருந்து ஆசையோடு வெளியே வந்தேன். அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு கிடைக்குமென்று.

என்னைப் பார்த்து, சிரிப்பு மாறாமலே அவர் சொன்னார்: "அவா இருந்திருந்தா உதைப் பாத்து..."

கயிற்றைக் குனிந்து பார்த்தார். நான் உள்ளே போய்ச் சட்டியைக் கழுவினேன். கழுவிய சட்டியையே இரண்டாம் தடவையும் கழுவினேன்.

அடுத்த கிழமை அவர் காணிப் பத்திர விசயமாக யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரிக்குப் போனார். திரும்பிவர மூன்று நாளாகும் என்றார், நாயிடம். அவர் போன மறுநாள் காலையில் வண்டில்காரர் வந்தார். மாங்குளத்துப் பக்கக் காட்டிலிருந்து கூரைத் தடி ஏற்றிவந்து எங்கள் திட்டத்தில் கொடுத்துவிட்டு வெறும் வண்டிலோடு திரும்பிப் போகிறவர். எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். முறிகண்டி தாண்டி, காட்டை வெட்டி எரித்துப் பயிர் வைத்த ஒரு சேனை அவருக்கு இருந்தது. காட்டுப் பண்டி வந்து பயிர் எல்லாவற்றையும் கிளறிவிட்டுப் போகிறது, நல்ல நாயொன்று கிடைத்தால் வளர்க்கலாம் என்று முந்தியும் ஒரு தடவை சொல்லியிருந்தார்.

"அண்ணை, எங்கட நாயைக் கொண்டு போங்கோவன்" என்றேன்.

அவர் செம்பைக் கீழே வைத்தார். "உண்மையாத்தான் சொல்லுறியளோ தங்கச்சி? வீட்டுக்காரர் என்ன சொல்லுவார்?"

"அவர்தான் சொல்லிப்போட்டுப் போனவர்" என்றேன். பொய் எவ்வளவு லேசாக வந்தது என்று எனக்கே அதிசயமாக இருந்தது.

நாய் அவரோடு போகவில்லை. கயிறு போடப் போனால் பல்லைக் காட்டியது. நான் கூப்பிட்டேன், திரும்பியும் பார்க்கவில்லை. வண்டில்காரர், "சரிவராது தங்கச்சி, விடுங்கோ" என்று வண்டிலில் ஏறப் போனார். நான் "கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனேன்.

கட்டிலுக்குக் கீழே அவாவின் றங்குப்பெட்டி இருந்தது. அதை நான் ஒருநாளும் தொட்டதில்லை. அன்று திறந்தேன். மேலே ஒரு பச்சை நூல் சீலை மடித்துக் கிடந்தது. கட்டிப் பழசான சீலை. கடைசியாக அவா கட்டியதாக இருக்கலாம். வேப்பிலை மணத்துக்கு உள்ளே இன்னொரு மணமும் இருந்தது. எனக்குத் தெரியாத ஒருத்தியின் தலை எண்ணெய் மணம். நான் அதை வெளியே கொண்டுபோய் வண்டிலுக்குள் விரித்தேன்.

நாய் எழுந்தது. மூக்கை உயர்த்திக் காற்றை மோந்தது. ஓடவில்லை. நடந்துதான் வந்தது. வண்டிலில் முன்னங்காலை வைத்து ஏறி, சீலையை மூன்று நாலு தடவை சுற்றி வந்து, அதற்குள் முகத்தை வைத்துச் சுருண்டுகொண்டது. வண்டில்காரர் என்னைப் பார்த்தார். மாட்டைத் தட்டினார்.

பூனை வாய்க்கால் பாலம்வரைக்கும் வண்டிலுக்குப் பின்னால் போனது. அதற்கு அப்பால் போகாமல் பாலத்திலேயே இருந்துவிட்டது. நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்று கீறவில்லை.

அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருந்தது. வாசற்படியைச் சாணத்தால் மெழுகினேன். குடத்தோடு நேரே நடந்து உள்ளே போனேன், வந்தேன். தேவையில்லாமலும் இரண்டு தடவை போய் வந்தேன். பின்னேரம் பூனை அந்தப் படியில் போய்ப் படுத்தது. மீன் வைத்தேன், வரவில்லை. மறுநாளும் தின்னவில்லை. முருங்கைக்கு அடியில் போய்ப் பார்க்கும், மாட்டுக் கொட்டிலில் பார்க்கும், திரும்பி வந்து படியில் படுக்கும். கத்தினாலாவது பரவாயில்லை. கத்தவும் இல்லை.

அவர் வந்தார். படலையில் நின்று நாயைக் கூப்பிட்டார். நான் ஆயத்தமாக வைத்திருந்ததைச் சொன்னேன்: "முந்தநாள் எதையோ துரத்திக்கொண்டு காட்டுப் பக்கம் போனது. இன்னும் வரேல்ல."

அவர் பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. அப்படியே திரும்பிப் போனார். வாய்க்கால் கரை நீளத்துக்கு அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. தூரத்தில் போகப் போகவும் கேட்டது. மறுநாளும் போனார், அதற்கு அடுத்த நாளும். வயலைப் பார்க்கவில்லை. காலில் முள் குத்தி வீங்கியிருந்தது. நான் சுடுதண்ணீர் ஒத்தணம் கொடுத்தேன். குனிந்திருந்த என் மனதில் ஓடியது என்ன என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் காணாமற் போயிருந்தால் இவர் இந்த அளவுக்குத் தேடுவாரோ என்பதுதான். நாயை அனுப்பிய பிறகும் நாய் மீதான எரிச்சல் போகவில்லை. கூடியிருந்தது.

பக்கத்துக் காணி அக்கா வேலியடிக்கு வந்தா. நல்ல மனுசி. எனக்கு முதல் நாளே கருவேப்பிலைக் கன்று தந்தவா. "பிள்ளை, உங்கட நாய் அண்டைக்குத் தடி வண்டிலில போனதைக் கண்டனான்" என்றா. "நான் உன்ர மனுசனிட்டைச் சொல்லேல்ல. அது நீ சொல்லவேண்டிய கதை." அவ்வளவுதான் சொன்னா. கீரையை வேலிக்கு மேலால் தந்துவிட்டுப் போய்விட்டா.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட இருந்தார். பூனை படியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தது. அவர் ஒரு பிடி சோற்றை எடுத்து அதற்கு நீட்டினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் அந்தப் பிடியைச் சாப்பாட்டுக் கோப்பையில் திரும்ப வைத்துவிட்டு, "இதுவும் போயிடும் போல கிடக்கு" என்றார். என்னிடம் சொன்னார். நாய் இல்லாததால் வேறு யாரிடமும் சொல்வதற்கில்லை. ஒரு வருடமாக நான் ஆசைப்பட்ட குரலில்தான் சொன்னார்.

"நாய் காட்டுக்குப் போகேல்ல" என்றேன். "நான்தான் வண்டில்காரரிட்டைக் குடுத்து விட்டனான்."

அவர் என்னைப் பார்த்தார். கோப்பையிலேயே கையைக் கழுவினார்.

"அது லேசில ஆரோடையும் போகாதே. எப்பிடி ஏறினது?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்திருந்தேன். "பெட்டியிலை கிடந்த பச்சைச் சீலையை வண்டிலுக்கை விரிச்சனான்."

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். கையை ஓங்கியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எழும்பி வெளியே போய் முருங்கைக்குக் கீழே நின்றார். கனநேரம் நின்றார். திரும்பி வந்து, "நாளைக்குக் காலமை பஸ்சில போறன்" என்றார்.

"நானும் வாறன்" என்றேன்.

வேண்டாம் என்று சொல்வார் என்று இருந்தேன். "வாறதெண்டால் வெள்ளெனவே வெளிக்கிடும்" என்றார்.

பூனையைப் பக்கத்து அக்காவிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனோம். முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். அவரும் ஒன்று உடைத்தார். நானும் என் பங்குக்கு ஒன்று உடைத்தேன். இருவரும் ஒரே நேர்த்தியைத்தான் வைத்தோமா என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்து கொஞ்சத் தூரம் போய் இறங்கி, காட்டுப் பாதையால் நடந்து, விசாரித்து விசாரித்து அந்தச் சேனையைக் கண்டுபிடித்தோம்.

ஒரு கொட்டில். வாசலில் வண்டில்காரரின் மனைவி சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தா. கொட்டிலுக்கு நடுவில் கூரை வளையிலிருந்து ஏணை தொங்கியது. பச்சைச் சீலையில் கட்டிய ஏணை. உள்ளே கைக்குழந்தை. ஏணைக்கு நேர் கீழே, மண்ணில், நாய் படுத்திருந்தது.

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை. அந்தப் பெண் எழும்பி, "நீங்கள்தானே சீலை தந்து விட்டனியள். பிள்ளைக்கு நல்ல உதவியாய்ப் போச்சு" என்றா, ஒன்றும் அறியாமல்.

அவர் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாய் துள்ளி எழுந்து வந்து அவர்மீது பாய்ந்தது. ஊளை போல ஒரு சத்தம். அவருடைய கை, முழங்கால், முகமெல்லாம் நக்கியது. அவர் குந்தியிருந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பிறகு, ஏணைக்குள் குழந்தை சிணுங்கியது. நாய் காதை நிமிர்த்தியது. அவருடைய கையிலிருந்து மெதுவாகக் கழன்று, திரும்பிப் போய் ஏணைக்குக் கீழே படுத்துக்கொண்டது.

"வாடி பிள்ளை" என்றார். அது வாலை மட்டும் ஆட்டியது. எழும்பவில்லை.

அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் அல்ல, அடுப்படியில் புகைக்குள் இருந்துகொண்டு நானே வைத்திருந்த முகம் அது. சோறு போட்டு வளர்த்தவன் நிற்க, ஒரு கிழமை மட்டும் பழகிய ஒரு குழந்தையிடம் போய்ப் படுத்துவிட்டதே என்ற முகம். எனக்குச் சந்தோசப்பட வேண்டும் போல இருக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவ்வளவுதான் செய்யத் தெரிந்தது.

வண்டில்காரர் காட்டிலிருந்து வந்தார். விசயத்தைச் சொன்னோம். அவர் ஒன்றும் கோபிக்கவில்லை. "நல்ல நாய்தான். பண்டி வந்தால் குலைக்கும். ஆனால் பிள்ளையை விட்டு அசையாது. பிறகு எங்கை பண்டியைத் துரத்துறது?" என்று சிரித்தார். "சீலையையும் கழட்டித் தரட்டோ? அது இருந்தால்தான் நாய் வரும்."

"வேண்டாம்" என்றார் அவர். "பிள்ளை கிடக்கிற சீலை. அது கிடக்கட்டும்."

குழந்தை பசித்து அழுதது. தாய் தூக்கிக்கொண்டு போய்ப் பால் கொடுக்க இருந்தா. ஏணை வெறுமையாகத் தொங்கியது. நாய் எழுந்து, ஏணையை ஒரு தடவை மோந்துவிட்டு, தாயையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, எங்களிடம் நடந்து வந்தது. அது ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் போகிறோம் என்று விளங்கியிருக்கலாம்.

நாயை பஸ்சில் ஏற்ற மாட்டார்கள். வண்டில்காரருக்கு அன்று தடி ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வரவேண்டியிருந்தது. தடிக்கு மேல் ஒரு சாக்கைப் போட்டு நாங்கள் இருவரும் இருந்தோம். நாய் வண்டில் நிழலில் சில்லுகளுக்கு நடுவால் நடந்து வந்தது. ஆடி ஆடிப் போகும் வண்டிலில், அவரைப் பார்க்காமல், முன்னால் போகும் பாதையைப் பார்த்துக்கொண்டு நான் கேட்டேன்.

"அவா எப்பிடிப்பட்டவா?"

ஒரு வளைவு போனபிறகு, "நல்லவா. கொஞ்சம் கோபக்காரி" என்றார். பிறகு, "இந்த நாயிலை அவாவுக்குச் சரியான எரிச்சல்" என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "அவாதானே வளர்த்தவா?"

"ஓம், அவாதான் குட்டியாய்த் தூக்கிக்கொண்டு வந்தவா. பிறகு நான் பின்னேரத்திலை அதோட கதைச்சுக்கொண்டிருப்பன். அது அவாவுக்குப் பிடியாது. ஒருநாள் சோத்துச் சட்டியைத் தூக்கி முத்தத்திலை எறிஞ்சுபோட்டா. நாயோட கதைக்கிறதிலை பாதி என்னோட கதைக்கேலாதோ எண்டு கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"என்னத்தைச் சொல்லுறது. எனக்கு மனுசரோட கதைக்க வராது. நாயெண்டால் திருப்பிக் கேள்வி கேக்காது."

நான் தடியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எத்தனை மாதமாக அந்தக் குரலை அவாவிடமிருந்து களவெடுக்கப் பார்த்தேன். அந்தக் குரல் அவாவிடமும் இருந்ததில்லை. அவாவும் அதே குசினிக்குள் இருந்து, அதே புகைக்குள்ளால், வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்பதை நாய்க்குச் சொல்லப்பட்டதிலிருந்து அறிந்தவாதான். ஒரு தடவையாவது அவாவைக் கண்டு பேசியிருக்கலாம் போல இருந்தது.

"இனிக் கேள்வி கேக்கமாட்டன்" என்றேன்.

"கேளும், பரவாயில்லை" என்றார்.

பொழுதுபடும்போது வீடு வந்து சேர்ந்தோம். பூனை படியில் கிடந்தது. நாயைக் கண்டதும் எழுந்து நின்றது. ஓடிவந்து உரசும் என்று நான் எதிர்பார்த்தேன். அது கிட்ட வந்து நாயை மோந்தது. நாயில் வேறு வீட்டு மணம், பால் மணம், குழந்தை மணம். பூனை மயிரைச் சிலிர்த்துச் சீறி, நாயின் மூக்கில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு மாட்டுக் கொட்டில் கூரையில் ஏறிக்கொண்டது. இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது. கூரைக்குக் கீழே நின்று மீன் காட்டிக் கூப்பிட்டேன். மீனை மட்டும் வாங்கித் தின்றது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் இரண்டும் வாசற்படியில் ஒன்றாகக் கிடந்தன. நான் சீலையைத் தூக்கிப் பிடித்து இரண்டையும் தாண்டிப் போனேன்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவர் தொடர்ந்தும் நாயோடுதான் கதைத்தார். ஆனால் கதிரையைக் குசினி வாசலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு கதைத்தார். சில நேரம் நான் உள்ளே இருந்து மறுமொழி சொல்வேன். நாய்க்குத்தான் சொல்கிற மாதிரி. அவரும் நாய்க்குத்தான் கேட்கிற மாதிரி அடுத்த கேள்வியைக் கேட்பார். நாய் நடுவில் படுத்து நித்திரை கொள்ளும். என் கையால் கொடுத்த சோற்றை அது நேரே தின்றதில்லை. அவர் சட்டியைத் தள்ள வேண்டியதுதான். அந்த எரிச்சல் எனக்குக் கடைசிவரை கொஞ்சம் இருந்தது.

அந்த மாரியில் பூனை குட்டி போட்டது. வீட்டுக்குள், நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால். எந்தக் கடுவன் வந்ததென்று தெரியாது. எனக்குக் குட்டிகளைப் பார்க்க ஆசை. போனால், மூட்டைகளுக்கு இடைவெளியில் நாய் குறுக்கே படுத்திருந்தது. என்னைக் கண்டதும் உறுமியது. அந்த வீட்டுக்கு வந்து அத்தனை நாளில் அது என்னைப் பார்த்து உறுமியது அதுதான் முதல் தடவை. என்னை அது ஒரு பொருட்டாக எண்ணியதும் அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவர் பின்னால் வந்து நின்றார். "கூப்பிட்டு விடட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம். நீங்கள் கூப்பிடவேண்டாம்" என்றேன்.

நான் நிலத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவரும் பக்கத்தில் இருந்தார். வெளியே மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. கனநேரம் சென்று பூனை தானாக வெளியே வந்தது. நாயின் முதுகுக்கு மேலால் ஏறி இறங்கி, என் முழங்காலில் தலையை ஒரு தடவை தேய்த்துவிட்டு, திரும்ப உள்ளே போனது. நாய் அதையும் பார்த்தது, என்னையும் பார்த்தது. எழும்பவில்லை. பின்பக்கத்தைச் சற்று ஒதுக்கி, ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம் விட்டது.

நான் முழங்காலில் தவழ்ந்து உள்ளே தலையை நீட்டினேன்.

"எத்தினை?" என்று அவர் வெளியே இருந்து கேட்டார்.

"நாலு."

"என்ன நிறம்?"

"ரண்டு வரி போட்டது. ஒண்டு கறுப்பு. மற்றது தாயின்ர காலுக்குக் கீழை கிடக்கு, இன்னும் தெரியேல்ல. பொறுங்கோ, பாத்துச் சொல்லுறன்."